வன்னிக் காய்ச்சலும் அண்டர்சாக்கின் மருந்தும்

வன்னியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தோர் பலர் பண்டாரவன்னியனோடு தொடங்கி அவனோடேயே முடித்துவிடுகின்றனர். 1803 ஆம் ஆண்டு கற்சிலைமடுவில் கப்டன் ட்றிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. அதன்பின் வன்னியை ஆண்டவர் யார் என்று வினவினால், ஆங்கிலேயர் என்று விடை வரும். கச்சேரியில் அமர்ந்திருந்தோர் ஆங்கிலேயரே, ஐயமில்லை. ஆயினும் எந்த ஊரில் எத்தனை குடும்பங்கள் நிலைக்கும், எந்தக் குளத்தின் கீழ் எவ்வளவு வயல் விதைபடும், பிறந்த குழந்தைகளில் எத்தனை நடை பழகும் என்பவற்றையெல்லாம் தீர்மானித்தது கச்சேரியன்று, காய்ச்சலே தீர்மானித்தது. ஒன்றரை நூற்றாண்டுக் காலம் வன்னியின் உண்மையான ஆட்சியாளன் மலேரியாதான் என்று நாம் கூறுவோமாயின் அது மிகையாகாது. வன்னிக்கு இடமாற்றம் என்ற கடிதத்தைக் கண்டதும் யாழ்ப்பாணத்து ஆசிரியர்களின் வீடுகளில் எழுந்த அழுகையை நம் மூத்த தலைமுறை நன்கறியும். அது தூரத்தை எண்ணிய அழுகை மட்டுமன்று.

இந்த ஆட்சியாளனை வீழ்த்திய ஆயுதங்களுள் ஒன்று சேதன இரசாயன ஆய்வுகூடத்தில் உருவாயிற்று. அதனை உருவாக்கிய மனிதனின் பெயர் ஹான்ஸ் அண்டர்சாக். வன்னியில் இப்பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. அவரும் வன்னியை அறிந்திருக்க நியாயமில்லை. ஒருவரையொருவர் அறியாத இவ்விரு தரப்பின் தொடர்பை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைநூல், நூற்றுக்கணக்கான குளங்களையும் அவற்றின் பெயரைத் தாங்கிய ஊர்களையும் விவரிக்கின்றது. குளம் இருக்கும், ஊர் இராது; ஊர் இருக்குமாயின் அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க குடிகளே இருப்பர். காய்ச்சலும் பறங்கிப் புண்ணும் மக்களைத் தின்றன. இதனைக் கண்ட வெள்ளைக்கார உத்தியோகத்தர் சிலர், காட்டின் இயல்பு இது, வெப்ப நாட்டின் விதி இது என்று அமைதி கண்டனர். நாம் அவ்வாறு அமைதி காண முடியாது. 1832 இல் இராசகாரிய முறையை ஒழித்த அரசு, அதனோடு பிணைந்து கிடந்த குளம் பேணும் ஊர்க்கடமைக்கு ஈடாக எதனையும் வைக்கவில்லை. 1856 இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வரும்வரை கால் நூற்றாண்டு அணைகள் கேட்பாரற்று உடைந்தன. உடைந்த அணையின் கீழே என்ன தேங்கும்? வெயில் படும் தெளிந்த சிறு குட்டைகள். நம் நாட்டின் முதன்மையான மலேரியா நுளம்பாகிய அனோபிலிஸ் குலிசிபாசிஸ் முட்டையிட விரும்புவது இத்தகைய நீரிலேயே. பெருங்குளத்தின் அலையடிக்கும் நீர் அதற்கு ஆகாது. ஆற்றுப் படுகையின் மணற்குழி, வாய்க்கால் கசிவு, மாட்டுக் குளம்படிப் பள்ளம் இவையே அதன் தொட்டில்கள். ஆகவே குளம் காய்ச்சலைத் தந்தது என்பது பாதி உண்மை. பேணப்படாத குளம் தந்தது என்பதே சரி. உழைப்பாளிகள் குறைந்ததால் அணை உடைந்தது. அணை உடைந்ததால் காய்ச்சல் பெருகியது. காய்ச்சல் பெருகியதால் உழைப்பாளிகள் மேலும் குறைந்தனர்.

அக்காலத்தில் ஒரு பிரதேசத்து மலேரியாவை அளப்பதற்குப் பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியிருக்கின்றதா என்று பார்ப்பார்கள். குச்சிபோன்ற கால்களும் முன்தள்ளிய வயிறுமாக நின்ற அப்பிள்ளைகளே வன்னியின் புள்ளிவிவரம். வளர்ந்தவர்கள் காய்ச்சலோடு வாழப் பழகிக்கொண்டார்கள் என்றால், அப்பழக்கத்தைப் பெறுமுன் பிள்ளைகள் பலர் இறந்தார்கள் என்பது அதன் பொருள்.

மருந்து அப்போது இல்லாமல் இல்லை. தென்னமெரிக்காவின் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பெலற்றியே, காவென்ரூ என்னும் பிரெஞ்சு இரசாயனவியலாளர் இருவர் 1820 இல் குயினைனைப் பிரித்தெடுத்துவிட்டனர். நம்மவர் கொயினா என்று வழங்கிய அதே கசப்பு மருந்துதான். பிரித்தானியர் 1860களில் நீலகிரியிலும் இலங்கையின் ஹக்கலையிலும் சிங்கோனாவை நட்டனர். கோப்பிச் செடியை நோய் அழித்தபோது, மலைநாட்டுத் தோட்டத் துரைமார் சிங்கோனாவுக்குத் தாவினர். 1880களில் இலங்கைப் பட்டை கப்பல் கப்பலாக இலண்டனுக்குப் போயிற்று; விலை சரிந்தது; துரைமார் தேயிலைக்குத் தாவினர். உலகக் குயினைன் ஜாவாவிலிருந்த ஒல்லாந்தரின் பிடிக்குள் சென்றது.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். அம்மரங்களை நட்டவர் யார்? மன்னார்க் கரையில் இறங்கி, வன்னியின் தென்மேற்கு ஓரத்தை ஒட்டிய காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடையாகச் சென்ற தமிழகத்துக் கூலிகளும் அவர்தம் பிள்ளைகளும். வழிநெடுகிலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வீழ்ந்தோருக்குக் கணக்கில்லை. காய்ச்சற் காட்டைத் தாண்டி உயிர்தப்பிச் சென்றவர்கள், காய்ச்சலின் மருந்தைத் தங்கள் கையாலேயே நட்டுப் பட்டையுரித்துக் கப்பலேற்றினார்கள். அப்பட்டை சந்தைக்குப் போயிற்று; தாம் கடந்துவந்த காட்டு ஊர்களுக்குப் போகவில்லை.

இனி ஐரோப்பாவிற்குச் செல்வோம். 1856 இல் இலண்டனில் பதினெட்டு வயது மாணவன் வில்லியம் பேர்க்கின், நிலக்கரித் தாரிலிருந்து குயினைனைத் தொகுக்க முயன்றான். மூலக்கூற்றின் அமைப்பு எவருக்கும் தெரியாத காலம் அது. காபன் இத்தனை, ஐதரசன் இத்தனை என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டிக் கழித்துப் பார்த்தான். குயினைன் வரவில்லை, ஊதா நிறச் சாயம் வந்தது. காய்ச்சலுக்கு மருந்து தேடிய முயற்சி, சீமாட்டிகளின் பட்டுக்குச் சாயமாயிற்று! ஆனால் அந்தச் சாயத்திலிருந்தே பெருந்தொழில் ஒன்று முளைத்தது. ஜேர்மனியின் சாயக் கம்பனிகள் சேதன இரசாயனத்தை ஓர் உற்பத்திச் சக்தியாக வளர்த்தன. 1891 இல் போல் ஏர்லிக், மெதிலீன் நீலம் என்ற சாயத்தைக் கொண்டே மலேரியா நோயாளர் இருவருக்குச் சிகிச்சை செய்து பார்த்தார். சாயம் கிருமியில் ஒட்டுமாயின் மருந்தும் ஒட்டும் என்பது அவர் எண்ணம். மருந்தாக்கக் கலை முழுவதற்கும் அவ்வெண்ணமே வித்து.

முதலாம் உலகப் போரில் ஜாவாவின் குயினைன் கிடைக்காது தவித்த ஜேர்மனி, அத்தவிப்பை மறக்கவில்லை. எல்பர்பெல்ட் நகரிலிருந்த பேயர் ஆய்வுகூடத்தில், பின்னர் ஐ.ஜி. பார்பன் என்னும் மாபெரும் கூட்டுக் கம்பனியின் அங்கமான இடத்தில், மலேரியா மருந்தைத் தொகுக்கும் வேலை ஒழுங்காக நடந்தது. மலேரியா கண்ட கனேரிப் பறவைகளுக்குப் புதிய சேர்வைகளைக் கொடுத்துச் சோதித்தனர். 1920களில் பிளாஸ்மோகின் பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் அத்தெபிரின் பிறந்தது. அத்தெபிரின் மூன்று வளையங்கள் இணைந்த மஞ்சள் நிறப் பொருள். உண்டவரின் தோலையும் மஞ்சளாக்கியது.

1934 இல் அண்டர்சாக் செய்தது கேட்கும்போது எளிமையாகத் தோன்றும். அத்தெபிரினின் மூன்று வளையங்களில் ஒன்றை நீக்கினால் எஞ்சுவது குயினோலீன் என்னும் இரட்டை வளையம். அதில் நைதரசன் அணு ஒன்று. குளோரீன் அணுவையும், வால்போல் நீளும் பக்கச் சங்கிலியையும் அவர் அப்படியே வைத்துக்கொண்டார். நிறம் போயிற்று, மருந்துக் குணம் போகவில்லை. ரெசோகின் என்று அதற்குப் பெயரிட்டனர். பிற்காலத்தில் உலகம் குளோரோகுயின் என்று அழைத்தது இதனையே.

இதன் செயலையும் சுருக்கமாகக் கூறிவிடுவோம், மாணவர்க்குப் பயன்படும். மலேரியாக் கிருமி நமது செங்குருதிக் கலத்தினுள் புகுந்து ஈமோகுளோபினை உண்கிறது. உண்டபின் மிஞ்சும் இரும்படங்கிய ஹீம் என்னும் பகுதி கிருமிக்கே நஞ்சு. ஆகவே கிருமி அதனைப் பளிங்குகளாகத் திரட்டிப் பத்திரமாக ஒதுக்கி வைக்கிறது. குளோரோகுயின் கிருமியின் உணவுப் பையினுள் சென்று, ஹீமுடன் சேர்ந்து, பளிங்காதலைத் தடுக்கிறது. கிருமி தன் சாப்பாட்டின் கழிவாலேயே சாகிறது.

இத்துணைச் சிறந்த மருந்து பிறந்தவுடன் என்ன நடந்தது? டுசல்டோர்ப் நகரில் பேராசிரியர் சியோலி, மேகநோயால் மூளை சிதைந்த நான்கு நோயாளருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்தார். சம்மதம் தெரிவிக்க இயலாத அம்மனிதர்மேல் இத்தகைய சோதனைகள் நடந்தன என்பதே தனியாக எழுதத்தக்க விடயம். மனிதருக்கு ஒவ்வாத நச்சுத் தன்மை கூடியது என்று முடிவாயிற்று. மருந்து அலமாரிக்குள் போயிற்று. நான்கே நான்கு பேரின் சோதனை!

மருந்து பிறந்த அதே 1934 இன் ஒக்டோபரில் இலங்கையில் என்ன நடந்தது என்பதை நம் வாசகர் அறிவர். பருவமழை பொய்த்தது. களனி கங்கையும் மகா ஓயாவும் வற்றிக் குட்டைகளாயின. கேகாலை, குருநாகல் பகுதிகளில் மலேரியா காட்டுத்தீயாய்ப் பரவி, 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. வன்னியைப்போல் காய்ச்சலோடு பழகிய உடல்களல்ல அவை. உலகப் பொருளாதார மந்தத்தால் ஏற்கனவே பட்டினி கிடந்த உடல்கள். கலாநிதி என். எம். பெரேரா, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க முதலிய சூரியமல் இயக்கத்தினர் கொயினாவையும் உணவையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றனர். 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததற்கு இந்த அநுபவமும் ஓர் உரம். இடதுசாரி இயக்கத்தின் சரித்திரத்தில் இப்பக்கம் பலகாலும் எழுதப்பட்டதாதலின் நாம் விரித்துரைக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவ்வாண்டில் பிறந்த மருந்து அவ்வாண்டிலேயே கேகாலைக்கு வந்திருக்கும் என்று எவரும் கூறார். எந்த மருந்துக்கும் சோதனைக் காலம் உண்டு. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகள்?

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் பூட்டைத் திறந்தது மனித நேயமன்று, மற்றொரு போர். 1942 இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்குக் குயினைன் இல்லாது போயிற்று. பசிபிக் காடுகளில் துப்பாக்கிக் குண்டைவிட நுளம்பே அதிகமான போர்வீரரைப் படுக்கையில் வீழ்த்தியது. அமெரிக்கா பதினாயிரத்துக்கு மேற்பட்ட சேர்வைகளைச் சோதிக்கும் பெருந்திட்டத்தில் இறங்கியது. ரெசோகினின் உடன்பிறப்பாகிய சொன்ரோகின் என்ற மருந்தைப் பிரெஞ்சு வைத்தியர்கள் தூனிஸ் நகரில் பரிசோதித்துக்கொண்டிருந்தனர். 1943 இல் நகரம் விடுபட்டதும் அது அமெரிக்கர் கைக்கு வந்தது. அதனை ஆராய்ந்து, அதன் அயலிலுள்ள சேர்வைகளையும் ஆராய்ந்து, இறுதியில் அண்டர்சாக் கைவிட நேர்ந்த அதே பொருளிடம் வந்து சேர்ந்தனர். 1946 இல் குளோரோகுயின் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. ஐ.ஜி. பார்பன் கம்பனியோ இதற்கிடையில் அவுஷ்விற்ஸில் அடிமை உழைப்பால் தொழிற்சாலை கட்டிய பழியைச் சுமந்து நின்றது. ஒரே கம்பனியின் கூரையின் கீழ் இரண்டும் நிகழ்ந்தன. விஞ்ஞானம் நல்லது, கம்பனி தீயது என்று இலகுவாகப் பிரித்துவிட நம்மாலும் முடியவில்லை.

அதே போர்க்காலத்தில், 1944 இல், இருபத்தேழு வயது ரொபேட் வூட்வேட், வில்லியம் டொரிங்குடன் சேர்ந்து குயினைனுக்கு வழிவிடும் தொகுப்பைச் செய்து முடித்தார். பேர்க்கின் கனவு நிறைவேறிவிட்டது என்று பத்திரிகைகள் ஆர்ப்பரித்தன. அறிவின் சாதனை என்ற வகையில் அது மலைச்சிகரம். ஆனால் அந்த வழியே உண்டான குயினைனை எந்த நோயாளியும் விழுங்கவில்லை. அத்தனை படிகள், அத்தனை செலவு. அண்டர்சாக்கின் எளிய மூலக்கூறோ கோடிக்கணக்கானோரின் வயிற்றுக்குள் சென்றது. சேதனத் தொகுப்பின் சரித்திரத்தில் இவ்விருவருக்கும் கிடைத்துள்ள பக்கங்களின் எண்ணிக்கை இதற்கு நேர்மாறானது.

இலங்கையில் 1940களின் நடுப்பகுதியிலிருந்து டீ.டீ.ரீ. தெளிக்கத் தொடங்கினர். அதுவும் சேதனத் தொகுப்பின் பிள்ளைதான்: 1874 இல் சைட்லர் உண்டாக்கிப் பயன் காணாது விட்டதை, 1939 இல் போல் மியூலர் பூச்சிகொல்லியாகக் கண்டார். மலேரியாத் தடை இயக்கத்தின் தொழிலாளர் தெளிகருவியை முதுகிலேற்றிக் குடிசை குடிசையாகச் சென்றனர். சட்டிபானையை முற்றத்தில் இறக்கிவைத்து, மண்சுவரின் உட்புறம் முழுவதும் மருந்தடித்தனர். குருதி உண்டபின் சுவரில் அமரும் நுளம்பு அங்கேயே செத்தது. காய்ச்சல்காரருக்கு மாத்திரை, விரல்நுனியில் குத்திக் கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தம். 1946 இல் நாட்டில் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 20 ஆக இருந்த இறப்பு, 1947 இல் ஏறத்தாழ 14 ஆகக் குறைந்தது. உணவு வழங்கலும் வைத்தியசாலைகளும் இவ்வீழ்ச்சிக்கு எவ்வளவு காரணம், டீ.டீ.ரீ. எவ்வளவு காரணம் என்று ஆய்வாளர் நெடுங்காலம் வாதிட்டனர். வாதிடுவோர் வாதிடுக, இரண்டும் ஏழையின் வீட்டுக்குள் ஒரே வேளையில் நுழைந்தன.

வன்னியின் முகம் மாறியது. இரணைமடுவின் கீழ் 1930களில் காய்ச்சலோடு மல்லாடிக் குடியேறியவர்களின் வயல்கள் விரிந்தன. வவுனிக்குளம், முத்தையன்கட்டு, விசுவமடு என்று குடியேற்றங்கள் எழுந்தன. பின்னாளில் இனவன்செயல்களால் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளரும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியமர்ந்தனர். சிங்கோனா நட்டவர்களின் பேரப்பிள்ளைகள்! காய்ச்சல் காவலிருந்த காட்டை மருந்து திறந்துவிட்டது. திறந்த நிலம் யாருக்கு என்ற கேள்வி அத்தோடு பிறந்தது. அக்கேள்வி இந்நாட்டை எங்கே கொண்டு சென்றது என்பதை நாம் அறிவோம்.

1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர். இதனை வெற்றியின் உச்சம் என்பர். ஆனால் 1964 இல் மருந்து தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. இல்லாத நோய்க்கு எதற்குப் பணம்? இந்தக் கேள்விக்கு 1967 இன் இறுதியில் விடை வரத் தொடங்கியது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தையும் தாண்டியது. நுளம்பு டீ.டீ.ரீ.க்குப் பழகிவிட்டது, மலத்தியோனுக்கு மாற வேண்டியதாயிற்று. 1984 இல் குளோரோகுயினை வெல்லும் கிருமியும் இலங்கையில் கண்டறியப்பட்டது. மூலக்கூறு மாறாது நிற்கும். உயிர் மாறிக்கொண்டே செல்லும்.

பின்னர் வந்த போர்க்காலத்தை எழுதக் கை தயங்குகிறது. 1990களில் வன்னிக்குச் சென்ற பொருள்களுக்குத் தடை இருந்தது. மருந்துக்கும் அளவு குறிக்கப்பட்டது. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானோரில் பெருந்தொகையினர் வன்னியை அடைந்தனர்; 1996 இல் கிளிநொச்சியும் போர்க்களமானபோது மீண்டும் பெயர்ந்தனர். மரநிழலிலும் தறப்பாளின் கீழும் வாழ்வோருக்குச் சுவர் ஏது? சுவரில்லாவிட்டால் மருந்தை எங்கே தெளிப்பது? தெளிப்பு முறையின் அடிப்படையே அங்கு இல்லாது போயிற்று. 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் மலேரியா கண்டனர். அதன் பெருஞ்சுமை போர் நடந்த மாவட்டங்களின்மேல் விழுந்தது.

எனினும் இக்கதையில் நாம் மிக உயர்வாக மதிப்பது அதன்பின் நடந்ததையே. மருந்தூட்டிய நுளம்புவலைகள் வந்தன. போர் முனையின் இருபுறத்திலும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர் பணி செய்தனர். நுளம்புக்கு எதிரான அவர்களது வேலையை இரு தரப்பும் தடுக்கவில்லை. நடமாடும் மருத்துவக் குழுக்கள் ஊர்களுக்குச் சென்று இரத்தம் சோதித்தன. நமது மலேரியாவில் பெரும்பங்கு வைவாக்ஸ் வகை. அக்கிருமி ஈரலில் மாதக்கணக்காக ஒளிந்து கிடக்கும். குளோரோகுயின் இரத்தத்திலுள்ளதைக் கொல்லுமேயன்றி ஈரலிலுள்ளதைத் தொடாது. அதற்குப் பழைய பிளாஸ்மோகினின் வழித்தோன்றலாகிய பிறிமாகுயினைப் பதினான்கு நாள் உண்ண வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்று வயலுக்குப் போகத் துடிக்கும் ஒரு விவசாயியைப் பதினான்கு நாளும் மாத்திரை விழுங்கவைப்பது எத்தகைய வேலை! இதனை எந்த ஆய்வுகூடத்திலும் தொகுக்க முடியாது. பல்சிபாரம் வகைக்கு ஆட்டெமிசினின் வழி மருந்துகள் வந்தன. வியட்நாம் போர்க்காலத்தில், 1967 இல் சீனா தொடங்கிய 523 ஆம் இலக்கத் திட்டத்தில், தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானியின் குழு 1972 இல் பிரித்தெடுத்த பொருள் அது. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அண்டர்சாக்குக்கு அத்தகைய பரிசு எதுவும் கிடைக்கவில்லை.

2009 இல் போர் முடிந்து, மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் வவுனியாவின் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டபோது, மலேரியா வெடிக்கும் என்ற அச்சம் இருந்தது. அது வெடிக்கவில்லை. அம்மக்கள் பட்ட துயரங்களின் பட்டியலில் இந்த ஒன்றாயினும் சேராதது அவ்வூழியரின் உழைப்பால்தான். நாடு முழுவதிலும் அவ்வாண்டு பதிவான மலேரியா ஆயிரத்தை எட்டவில்லை. 2012 ஒக்டோபரில் உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் பதிவானார். 2016 செப்டெம்பர் 5 ஆம் திகதி, மலேரியா நீங்கிய நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

அதே ஆண்டு டிசெம்பரில், வன்னியின் அயலிலுள்ள மன்னாரில், பூச்சியியல் ஆய்வாளர்கள் கிணற்று நீரில் புதிய நுளம்பின் குடம்பிகளைக் கண்டனர். அனோபிலிஸ் ஸ்டெபென்சி: இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது, இலங்கையில் அதுவரை காணப்படாதது. குலிசிபாசிஸைப்போல் அதற்கு ஆற்றுப் படுகையும் குளம்படிப் பள்ளமும் வேண்டியதில்லை. வீட்டுக் கிணறும் நீர்த்தொட்டியும் போதும்.